காட்டாற்று வெள்ளத்தைக் கணக்கிடுவது எப்படி?

மேட்டூர் அணைக்கு வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்று செய்தியில் கேட்டால் நாம் மறுபேச்சு பேசுவதில்லை. பெரிய ஆற்றில் அது பெரும்பாலும் நம்பத்தக்க எண்தான். அளவெடுக்கும் நிலையங்கள் உண்டு, பல பத்தாண்டுகளின் பதிவுகள் உண்டு, வெள்ளம் ஏறி இறங்கவும் நாள்கணக்கில் ஆகும். மலையில் பாறைகளுக்கு நடுவே இறங்கும் ஓடைக்கு இதில் எதுவும் வாய்ப்பதில்லை. மாலையில் மழை பிடித்தால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் வெள்ளம் வந்து போய்விடும். அளவுகோல் நட்டிருந்தால் அதையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆனால் ஓடையோரம் வீடு கட்டலாமா, பாலத்தை எவ்வளவு உயரத்தில் போடுவது என்று கேட்கும்போது யாராவது ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அது எப்படி வரைபடத்தில் ஒரு கோடாக மாறுகிறது, அந்தக் கோட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

இதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள பிக் தாம்ப்சன் ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். மலை ஓடைகளின் வெள்ளக் கணக்கில் எவையெல்லாம் தப்பாகும் என்று ஆய்வாளர்கள் விரிவாகக் கற்ற இடங்களில் அதுவும் ஒன்று.

ஒரு சனிக்கிழமை இரவு

ராக்கி மலையில் எஸ்டெஸ் பார்க் என்ற ஊர். அங்கிருந்து கிழக்கே லவ்லாண்ட் ஊரை நோக்கி, குறுகலான பள்ளத்தாக்கு வழியாக ஆறு இறங்குகிறது. ஆற்றை ஒட்டியே 34-ஆம் எண் நெடுஞ்சாலை. 1976 ஜூலை 31, சனிக்கிழமை. மறுநாள் கொலராடோ தனி மாநிலமாகி நூறாண்டு நிறைவு என்பதால் பள்ளத்தாக்கு முழுக்க விடுமுறைக் கூட்டம். மாலையில் ஓர் இடிமழை மேகம் அந்த மலைச்சரிவின் மேல் வந்து நின்றது. நகரவில்லை. சில மணி நேரத்தில் சில இடங்களில் சுமார் 300 மில்லிமீட்டர் மழை. இரவு 9 மணியைத் தாண்டியபோது பள்ளத்தாக்கின் வாயில் வினாடிக்கு 31,200 கனஅடி நீர் வெளியேறியது. அதற்குமுன் அங்கே பதிவாகியிருந்த மிகப்பெரிய வெள்ளத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. இறந்தவர்கள் 144 பேர்.

பள்ளத்தாக்கின் வாயில் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர். ஆனால் இந்த வெள்ளத்தின் பெரும்பகுதி வெறும் 150 சதுர கிலோமீட்டர் சரிவிலிருந்து வந்தது. மேலே எஸ்டெஸ் பார்க் பக்கம் பெரிய பாதிப்பே இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பை வைத்து வெள்ளத்தைக் கணிக்கும் சூத்திரங்கள் எல்லாம், மழை எங்கும் ஒரே சீராகப் பெய்கிறது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டே கணக்குப் போடுகின்றன. மலையில் மழைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அந்த 31,200 யார் அளந்தது?

யாரும் அளக்கவில்லை. அந்த நேரத்தில் ஆற்றுக்குள் கருவி இறக்கியவன் உயிரோடு திரும்பியிருக்க மாட்டான். வெள்ளம் வடிந்தபிறகு அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் ஆட்கள் போய்த் தடங்களைத் தேடினார்கள்: மரப்பட்டையில் சேறு ஒட்டிய உயரம், கிளைகளில் சிக்கிய சருகும் குப்பையும், கரையில் அரித்துப்போன விளிம்பு. அடுத்தடுத்த சில இடங்களில் இந்த உயரங்களை அளந்தால் நீர்மட்டத்தின் சரிவு தெரிந்துவிடும். அதே இடங்களில் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்தால் பரப்பு தெரிந்துவிடும். பிறகு வேகம் தெரிந்தால் போதும். பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் வினாடிக்கு எவ்வளவு நீர் போனது என்பது கிடைக்கும்.

வேகத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-ல் முன்வைத்த சூத்திரம். அது சொல்வது இவ்வளவுதான்: ஆழம் கூடினால் வேகம் கூடும், சரிவு கூடினால் வேகம் கூடும், படுகையின் சொரசொரப்பு கூடினால் வேகம் குறையும். அந்தச் சொரசொரப்பை ஒரே எண்ணால் குறிக்கிறோம். மேனிங் எண் என்று வைத்துக்கொள்வோம். வழவழப்பான சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.013 போல இருக்கும். மண் படுகை கொண்ட சமவெளி ஆற்றுக்கு 0.03 அளவில். வினை இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஆழத்தையும் சரிவையும் கருவியால் அளக்கலாம். சொரசொரப்பை அளக்கும் கருவி எதுவும் இல்லை. படுகையைப் பார்த்து, அனுபவத்தை வைத்து, ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊகம்தான், ஆனால் பயிற்சி பெற்ற ஊகம்.

மலை ஓடைகளில் இந்த ஊகம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்தது என்று காட்டியவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாரெட். கொலராடோவின் 21 மலை ஓடைகளில், நீர் ஓடும்போதே நேரடியாக எடுத்த 75 அளவுகளை வைத்து 1984-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். செங்குத்தான ஓடைகளின் சொரசொரப்பு, பாடப்புத்தகப் பட்டியல்களைப் பார்த்து மக்கள் எடுக்கும் மதிப்பைவிட மிக அதிகம் என்பது அதன் சாரம். சமவெளியில் தண்ணீர் கூழாங்கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. மலையிலோ ஆழமே ஒரு மீட்டர்தான், படுகையில் கிடக்கும் கல்லும் ஒரு மீட்டர். ஒவ்வொரு கல்லிலும் மோதி, எகிறி, பின்னால் சுழன்று, தன் ஆற்றலை அங்கேயே செலவழித்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போகிறது. சரிவு கூடக்கூட இந்தத் தடையும் கூடுகிறது என்று கண்டு, சரிவையும் ஆழத்தையும் கொண்டே சொரசொரப்பைக் கணிக்கும் ஒரு சூத்திரத்தையும் அவர் தந்தார்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை ஒரு கற்பனை ஓடையில் போட்டுப் பார்க்கலாம். அகலம் 10 மீட்டர், வெள்ளத்தின்போது ஆழம் ஒன்றரை மீட்டர், சரிவு நூற்றுக்கு மூன்று. குறுக்குவெட்டுப் பரப்பு 15 சதுர மீட்டர். "பாறை இருக்கிறது, சரி, 0.045 போடுவோம்" என்று ஒருவர் எடுத்தால் மேனிங் சூத்திரம் தருவது வினாடிக்கு 4.2 மீட்டர் வேகம். நீர் ஏறத்தாழ 63 கனமீட்டர், அதாவது 2,240 கனஅடி. ஜாரெட்டின் சூத்திரத்தில் அதே ஓடைக்குச் சொரசொரப்பு 0.083 வருகிறது. வேகம் 2.3 மீட்டராக இறங்குகிறது. நீர் ஏறத்தாழ 35 கனமீட்டர், 1,220 கனஅடி. ஓடையும் அதுவே, சேற்றுத் தடமும் அதுவே. ஒரே ஒரு எண் மாறியதில் வெள்ளம் பாதியாகிவிட்டது. முதல் கணக்கைப் பதிவேட்டில் ஏற்றினால், வராத வெள்ளம் ஒன்று வந்ததாக நிரந்தரமாக நிற்கும். அடுத்து வரும் பாலங்கள் எல்லாம் அதற்கே கட்டப்படும்.

முதல் கணக்கு தப்பு என்பதை ஆற்றுக்குப் போகாமலே சந்தேகிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழ நீரில் ஒரு சிற்றலை வினாடிக்குச் சுமார் 3.8 மீட்டர் வேகத்தில் நகரும். நீரின் வேகம் இதைத் தாண்டினால் அதை மீவேக ஓட்டம் என்பார்கள். அலைகூட எதிர்த்து ஏற முடியாத பாய்ச்சல். கல்லும் மண்ணும் நிறைந்த இயற்கை ஓடையில் இப்படிப்பட்ட பாய்ச்சல் சிறு துண்டுகளில், சில நொடிகளுக்கு வரலாம். நீண்ட தூரத்துக்கு நிற்காது. பாய்ச்சல் அந்த எல்லையை நெருங்கும்போதே படுகை அரிபட்டு, கற்கள் உருண்டு, ஆற்றல் கரைந்துவிடுகிறது. ஆகவே உங்கள் கணக்கு ஓடை முழுக்க 4.2 மீட்டர் என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த 0.045-ஐத்தான். மலை ஓடை குறித்த எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்: சொரசொரப்புக்கு என்ன போட்டார்கள், வேகம் அலையின் வேகத்தைத் தாண்டுகிறதா.

நூறாண்டு வெள்ளம், இரண்டு வகை வெள்ளம்

ஒரு வெள்ளத்தின் அளவு தெரிந்தால் போதாது. அது எவ்வளவு அடிக்கடி வரும் என்பதும் வேண்டும். "நூறாண்டு வெள்ளம்" என்ற பேச்சு குழப்பத்தையே தந்திருக்கிறது. நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வருவதல்ல அது. எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வர வாய்ப்பு 26 சதவீதம்.

ஆண்டுதோறும் வந்த உச்ச வெள்ளங்களை வரிசைப்படுத்தி, அவற்றின்மேல் ஒரு புள்ளியியல் வளைவைப் பொருத்தி, நூற்றில் ஒன்றுக்கு நீட்டுவதுதான் வழக்கமான முறை. நாற்பது ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு நூறாண்டைச் சொல்கிறோம் என்பதால் தடுமாற்றம் இயல்பே. கொலராடோ மலையில் அதற்கும் மேல் ஒரு சிக்கல். அங்கே பெரும்பாலான ஆண்டுகளில் உச்சம் வருவது மே, ஜூன் மாதங்களில் பனி உருகும்போது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் நல்ல பிள்ளை வெள்ளம். எப்போதோ ஓராண்டில் இடிமழை வந்து அடிக்கிறது. காரணம் வேறு, குணம் வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கி ஒரே வளைவைப் பொருத்தினால், வளைவு இரண்டுக்குமே பொய் சொல்லும். பனி வெள்ளத்துக்குத் தனி வளைவு, மழை வெள்ளத்துக்குத் தனி வளைவு என்று பிரித்துப் போட்டுப் பிறகு சேர்ப்பதே சரி.

ஜாரெட்டும் அவருடன் பணியாற்றிய ஜான் கோஸ்டாவும் இன்னொரு வழியில் போனார்கள். ஓடையின் வரலாற்றை ஓடையிடமே கேட்பது. பெரிய வெள்ளம் வந்தால் கரையில் பாறைக் குவியலும் மணல் திட்டும் விட்டுப்போகும், மரங்களில் வடு விழும். அடுத்த பெரிய வெள்ளம் வரும்வரை அவை அங்கேயே கிடக்கும். மரத்தின் வளையங்களும், மண்ணில் புதைந்த கரியின் வயதும், பாறையின் தேய்மானமும் காலத்தைச் சொல்லும். எந்தத் தடமும் இல்லை என்றால் அதுவும் ஒரு சாட்சி: இந்த உயரத்துக்கு இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக நீர் ஏறவில்லை. இப்படித் தேடியதில் ஒரு விஷயம் தெளிவானது. கொலராடோவின் கிழக்குச் சரிவில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டருக்குக் கீழே பெருமழை வெள்ளத்தின் தடங்கள் ஏராளம். அதற்கு மேலே, பனியாறுகள் விலகிய காலத்திலிருந்தே, அப்படிப்பட்ட தடங்கள் அரிது. மேலே வந்த பெருவெள்ளம் என்று பழைய பதிவேடுகள் சொன்னவற்றில் சில, சொரசொரப்பைக் குறைத்துப் போட்டதால் ஊதிப் பெருத்த எண்கள். வேறு சில, வெள்ளமே அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்க அரசின் வெள்ளக் கணக்கு வழிகாட்டி 2018-ல் திருத்தப்பட்டபோது, இந்தப் பழந்தடச் சாட்சிகளையும் கருவிப் பதிவோடு சேர்த்துக் கணக்கிட முறையான வழி தரப்பட்டது.

பதிவே இல்லாத ஓடைக்கு என்ன செய்வது? பக்கத்து ஓடைகளிலிருந்து கடன் வாங்க வேண்டியதுதான். நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு இது பழக்கமான வேலை. சென்னை மாகாணத்துக்கென்றே 1884-ல் உருவான ரைவ்ஸ் சூத்திரம் இன்றும் பாடத்தில் இருக்கிறது: நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் கெழு 6.8, மலையடிவாரத்தில் சிறிய பகுதி என்றால் சுமார் 10. ஐம்பது சதுர கிலோமீட்டர் பகுதிக்கு முதலாவது வினாடிக்கு 92 கனமீட்டர் தரும், இரண்டாவது ஏறத்தாழ 136 தரும். மலை ஓரத்தில் வெள்ளம் கடுமையாக வரும் என்பதை அன்றே உணர்ந்து வைத்த சூத்திரம் என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆனால் சரிவு, மண், காடு, மழையின் வேகம் எல்லாவற்றையும் ஒற்றைக் கெழுவுக்குள் அடைத்துவிட்டது. முதல் மதிப்பீட்டுக்குச் சரி; அதை மட்டும் நம்பி வீட்டுமனைக்கு அனுமதி கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எண்ணிலிருந்து கோடு வரை

நீரின் அளவு கையில் வந்தபின் வரைபடம் போடுவது ஒப்பீட்டளவில் எளிது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி நிலத்தின் உயரத்தை அளக்கும் லைடார் முறையில் தரையின் மேடுபள்ளம் கிடைக்கிறது. ஓடையை நெடுகிலும் குறுக்குவெட்டுகளாக வெட்டி, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ் போன்ற மென்பொருளில் கொடுத்தால், இந்த நீர் வந்தால் ஒவ்வொரு வெட்டிலும் மட்டம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும். அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள நிலமெல்லாம் வெள்ளச் சமவெளி. அதன் விளிம்புதான் நீங்கள் வரைபடத்தில் பார்க்கும் கோடு. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் சொல்லித்தருகிறார்கள்.

அமெரிக்காவில் அந்தக் கோட்டுக்குள் இன்னொரு கோடும் போடுவார்கள். வெள்ளச் சமவெளியின் இரு ஓரங்களையும் மண்ணடித்து மேடாக்கிக்கொண்டே வந்தால் நடுவில் நீர்மட்டம் ஏறும். அந்த ஏற்றம் ஓர் அடியைத் தொடும்வரை ஓரங்களை விட்டுக்கொடுக்கலாம். மிச்சமுள்ள நடுப்பகுதி வெள்ளத்தின் வழி, அங்கே எதையும் கட்டித் தடுக்கக் கூடாது. நாடு முழுவதுக்கும் உள்ள விதி ஓர் அடி. கொலராடோ அரை அடிக்குமேல் விடுவதில்லை. 1976-க்குப் பிறகு பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கில் இந்த நடுப்பகுதியில் இருந்த பல மனைகளை அரசுப் பணத்தில் விலைக்கு வாங்கி, பூங்காக்களாக விட்டுவிட்டார்கள்.

கோட்டுக்கு வெளியே

2013 செப்டம்பரில் அதே மலைப்பகுதியில் மீண்டும் வெள்ளம். இந்த முறை ஒற்றை இடிமேகம் இல்லை. நாள்கணக்கில் விடாத அடைமழை. பவுல்டர் நகரில் ஒரே நாளில் 230 மில்லிமீட்டர். மழை மேலேயும் ஏறியது. சுமார் 2,300 மீட்டரில் இருக்கும் எஸ்டெஸ் பார்க்கின் கடைத்தெருவிலேயே ஆறு ஓடியது. ஜாரெட்டின் எல்லையைச் சுவர் என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு அது ஒரு பதில்.

பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கின் வாயில் உச்ச நீர்வரத்து 1976-ஐ விடக் குறைவுதான். ஆனாலும் 34-ஆம் எண் சாலை மறுபடியும் துண்டுதுண்டாகப் போனது. பல இடங்களில் நீர் சாலைமேல் ஏறிப் புரளவே இல்லை. பக்கவாட்டில் கரையைக் குடைந்தது. மேலே இருந்த தாரும் வீடும் தாமாக விழுந்தன. வீட்டுத் தரைமட்டம் வெள்ள மட்டத்துக்கு மேலே இருந்தது, வரைபடப்படி பாதுகாப்பு. வீட்டுக்கு அடியில் இருந்த நிலம்தான் இல்லாமல் போயிற்று.

இது மென்பொருளின் பிழை இல்லை. வெள்ள வரைபடம் வழக்கமாக இரண்டு விஷயங்களை எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுகிறது: ஓடுவது வெறும் தண்ணீர், படுகை அசையாது. சமவெளியில் இந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். மலை ஓடை வெள்ளத்தில் கல்லும் மண்ணும் வேரோடு மரமும் சேர்ந்து வருகின்றன. ஒரு குழாய்ப்பாலத்தின் வாயில் இரண்டு மரங்கள் குறுக்கே சிக்கினால் போதும், கணக்கில் இல்லாத ஓர் அணை உருவாகி, நீர் சாலை வழியாகப் புது ஆறாகப் போகும். ஓடை மலையை விட்டு வெளியேறும் வாயிலில் விசிறிபோல் விரிந்த மண்மேடு இருக்கும். பார்க்க மேடாக, காய்ந்து, மனை போட ஏற்றதாகத் தெரியும். ஓடை காலங்காலமாக இடமும் வலமும் மாறிமாறிக் கொட்டியதால் உண்டானதே அந்த மேடு. அடுத்த வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இன்றைய வாய்க்காலை வைத்துச் சொல்ல முடியாது.

வெள்ளமே அல்லாத "வெள்ளம்" என்று சொன்னேனே, அது இதன் உச்சம். சரிவு மண் முழுக்க ஊறி, கல்லோடு குழைந்து, ஈரச் சிமெண்ட் கலவையைப்போல ஓடையில் இறங்குவது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது இப்படிப்பட்ட மண்பாறைப் பெருக்குதான். இதன் தடத்தில் மேனிங் சூத்திரத்தைப் போட்டால் நம்ப முடியாத அளவு நீர் ஓடியதாக விடை வரும், ஏனென்றால் அங்கே ஓடியது நீர் அல்ல. கண்ணால் பிரித்தறிய முடியும். வெள்ளம் தான் கொண்டுவந்ததைத் தரம் பிரித்துப் போடும்: கல் ஓரிடம், மணல் ஓரிடம், அடுக்கடுக்காக, தட்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே திசையில் சாய்ந்திருக்கும். மண்பாறைப் பெருக்கு எதையும் பிரிக்காது. ஆளுயரப் பாறையும் சேறும் மரக்கட்டையும் ஒரே குவியலாகக் கிடக்கும். ஓடையின் இரு ஓரமும் வரப்பு கட்டியதுபோல் பெரிய கற்கள் நிற்கும். மலையோரத்தில் மனை பார்க்கப் போகிறவர் பத்திரத்தைப் புரட்டுமுன் இந்தக் குவியல் எங்காவது தெரிகிறதா என்று ஒரு நடை பார்ப்பது நல்லது. பாசி படர்ந்து, மரம் முளைத்து, பழையதாக இருந்தாலும் சரி.

2013-க்குப் பிறகு கொலராடோவின் நீர்வளப் பாதுகாப்பு வாரியம் வேறொரு வகை வரைபடத்தைத் தொடங்கியது. அதற்கான வழிமுறையை 2020-ல் வெளியிட்டது. நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை அது கேட்பதில்லை. இந்த ஓடை எங்கெல்லாம் நகர்ந்திருக்கிறது, எங்கெல்லாம் நகர முடியும், எந்தச் சரிவு சரிந்து ஓடைக்குள் விழும் என்று கேட்கிறது. பழைய வாய்க்கால் தடங்கள், விசிறி மேடுகள், அரிக்கும் கரைகள் எல்லாவற்றையும் உள்ளடக்கி ஒரு பட்டையாக வரைகிறார்கள். பல இடங்களில் அது பழைய வெள்ளக் கோட்டைவிட அகலமாக வரும். இது கட்டாயச் சட்டம் இல்லை; ஊர் விரும்பினால் ஏற்கலாம். மனைவிலை தெரிந்தவர்களுக்கு, ஏன் கட்டாயமாக்கவில்லை என்பது புரியும்.

34-ஆம் எண் சாலையைப் பொறுத்தவரை, 2013-க்குப்பின் முதலில் அவசரத்துக்கு ஒட்டுப்போட்டுத் திறந்தார்கள். நிரந்தர வேலை 2018-ல்தான் முடிந்தது. சில வளைவுகளில் மலையைக் குடைந்து, சாலையை ஆற்று மண்ணிலிருந்து எடுத்துத் தாய்ப்பாறையின்மேல் வைத்தார்கள்.